'சர்ச்' என்னும் ஆங்கிலச் சொல்: அதன் பொருள்களும் வழக்குகளும்

இறையியல் மாணவரின் கைக்கு வரும் ஆங்கில நூல்களில் 'சர்ச்' என்னும் சொல் இடம்பெறாத பக்கம் அரிது. அதனை அறியாதார் ஒருவருமிலர். ஆகவே அதற்கு அகராதியைப் புரட்டுவாரும் ஒருவருமிலர். ஆயினும், ஒரே பத்தியில் அச்சொல் முதல் வரியில் ஒரு கட்டடத்தையும், நான்காம் வரியில் உலகெங்குமுள்ள விசுவாசிகள் அனைவரையும், ஏழாம் வரியில் குருமாரை மட்டும் குறித்து நிற்பதுண்டு. மூன்றையும் 'திருச்சபை' என்றே தமிழாக்கிக்கொண்டு, அந்தத் தமிழாக்கத்தின்மேல் பிரசங்கம் கட்டுகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஆதலின் இச்சொல் எங்கிருந்து வந்தது, எவ்வெப்பொருளில் வழங்குகிறது, அதன் பொருட்டு எத்தகைய வழக்குகள் எழுந்தன என்பவற்றை இங்கு ஆராய முற்படுகிறோம்.

முதலில் அன்றாட ஆங்கில வழக்கைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் 'தி' என்னும் சுட்டு வருவதும் வராமலிருப்பதும் பொருளை மாற்றிவிடும். சிறைச்சாலை, பள்ளிக்கூடம் ஆகிய சொற்களைப்போலவே 'சர்ச்' என்பதும் சுட்டின்றி வந்தால் அங்கு நடைபெறும் செயலைக் குறிக்கும். சுட்டுடன் வந்தால் பெரும்பாலும் இடத்தைக் குறிக்கும். சுட்டின்றி ஒருவர் 'சர்ச்சுக்கு' போனார் என்றால் ஆராதனைக்குப் போனார் என்பது பொருள். சுட்டுடன் போனார் என்றால் விளக்கைப் பழுதுபார்க்கப் போயிருக்கலாம். 'சர்ச்சுக்குப் பிறகு' சந்திப்போம் என்று ஆங்கிலேயர் கூறும்போது அது ஆராதனை முடிந்த வேளையேயன்றி, கட்டடத்தின் பின்புறமன்று.

இதனினும் நம்மைத் தடுமாறச் செய்வது பழைய நாவல்களில் வரும் ஒரு வழக்கு. சென்ற நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் நிலமுடைய குடும்பத்து இளைய மைந்தர் படையில் சேர்வர், சட்டம் பயில்வர், அல்லது 'சர்ச்சுக்குள் செல்வர்'. இங்கு அச்சொல் குருத்துவத்தை ஒரு பிழைப்புத் தொழிலாகக் குறிக்கின்றது. 1814-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' என்னும் நாவலில் எட்மண்டு என்னும் இளைஞன் குருப்பட்டம் பெற எண்ணியதே கதையின் சிக்கல்களுள் ஒன்று. அந்த வழக்கின்படி, ஞானஸ்நானம் பெற்று ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வரும் உழவன் 'சர்ச்சுக்குள்' இல்லை. குருப்பட்டம் பெற்றவனே இருக்கிறான்! விசுவாசிகள் யாவரையும் உள்ளடக்க வேண்டிய ஒரு சொல் அவர்களுள் நூற்றிலொருவரை மட்டும் குறிக்கும் அளவுக்குச் சுருங்கியது எவ்வாறு என்பதைத் திருச்சபை வரலாறு பயில்வோர் சிந்திப்பது நல்லது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருவரைப் பார்த்து, 'நீர் சர்ச்சா, சாப்பலா?' என்று கேட்பதும் ஒரு காலத்தில் வழக்கமாயிருந்தது. 'சர்ச்' என்றால் அரசு ஏற்ற ஆங்கிலிக்கன் சபை; 'சாப்பல்' என்றால் மெதடிஸ்டு, பாப்டிஸ்டு, சுயாதீன சபையார் கூடும் இடம். அதாவது, மெதடிஸ்டு ஒருவர் தாம் 'சர்ச்' அல்ல என்று தாமே கூறிக்கொள்ளும் நிலை. வேல்ஸில் ஆங்கிலிக்கன் சபைக்கும் அரசுக்குமிருந்த இணைப்பை நீக்கும் சட்டம் 1914-இல் இயற்றப்பட்டு 1920-இல் நடைமுறைக்கு வந்தபோது, அச்சபை 'வேல்ஸிலுள்ள சபை' என்று பெயர் பெற்றதேயன்றி, 'வேல்ஸின் சபை' என்று பெயர் பெறவில்லை. ஆங்கிலத்தில் ஓர் இடைச்சொல்தான் மாறியது. நாட்டின் உடைமையாகிய சபை வேறு, நாட்டில் வாசமாயிருக்கிற சபை வேறு என்பதை அந்த இடைச்சொல் காட்டிவிடுகின்றது. 'தென்னிந்தியத் திருச்சபை' என்னும் நம்முடைய பெயரில் இவ்வேறுபாடு தெரிவதில்லை.

இச்சொல் வினைச்சொல்லாகவும் வரும். 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகத்தில், மகப்பேற்றுக்குப்பின் பெண்கள் நன்றி செலுத்தும் ஆராதனை ஒன்று உண்டு. அதனை மக்கள் 'சர்ச்சிங்' என்று அழைத்தனர். 'உயர்ந்த', 'தாழ்ந்த', 'அகன்ற' என்னும் அடைகளுடன் வரும்பொழுது ஆங்கிலிக்கன் சபைக்குள் நிலவும் கருத்துப்போக்குகளை அச்சொல் குறிக்கும். ஜெர்மன் சமூகவியலறிஞர் எர்ன்ஸ்ட் ட்ரோல்ச் 1912-இல் வெளியிட்ட நூலுக்குப்பின், ஒருவன் பிறப்பினாலேயே சேர்ந்துவிடும் பரந்த சமய அமைப்பு என்னும் கலைச்சொற்பொருளும் இதற்கு ஏற்பட்டது. இவற்றில் நாம் நெடுநேரம் நிற்கவேண்டியதில்லை.

சொல்லின் பிறப்பு

'சர்ச்' என்பது கிரேக்கத்தில் 'ஆண்டவருக்குரியது' எனப் பொருள்படும் 'கூரியாகொன்' என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பதே அறிஞர் பெரும்பாலாரின் முடிபு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கம் பேசிய கிறிஸ்தவர்கள் தொழுகைக்குரிய வீட்டை இவ்வாறு அழைத்தனர். ஜெர்மானிய இனத்தார் இச்சொல்லைக் கடன்வாங்கினர். அதிலிருந்து பழைய ஆங்கிலத்தில் 'சிரிசெ', ஸ்காட்லாந்து வழக்கில் 'கிர்க்', ஜெர்மனில் 'கிர்ஹெ', டச்சில் 'கெர்க்' ஆகியவை பிறந்தன. பிரெஞ்சு, ஸ்பானிய, வேல்ஸ் மொழியார் வேறொரு வழியே சென்றனர். அவர்களுடைய 'எக்லீஸ்', 'இக்லேசியா', 'எக்லுவிஸ்' என்பவை 'எக்லேசியா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழித்தோன்றல்கள். ஆகவே மேற்கு ஐரோப்பாவில் ஒரு சாரார் வீட்டின் பெயரை மக்களுக்கு இட்டனர்; மற்றொரு சாரார் மக்களின் பெயரை வீட்டுக்கு இட்டனர். இறுதியில் இருவரும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தனர் என்பது வேடிக்கையே.

புதிய ஏற்பாட்டில் 'கூரியாகொஸ்' என்னும் அடைமொழி இரண்டே இடங்களில் காணப்படுகின்றது: ஆண்டவருடைய பந்தியைக் குறித்து ஒருமுறை (1 கொரி. 11:20), ஆண்டவருடைய நாளைக் குறித்து ஒருமுறை (வெளி. 1:10). ஆண்டவருடைய வீடு என்றோ, ஆண்டவருடைய மக்கள் என்றோ அச்சொல் அங்கு வழங்கவில்லை. ஆங்கில வேதாகமத்தில் 'சர்ச்' என்று நாம் வாசிக்குமிடத்தில் மூலத்தில் இருப்பது 'எக்லேசியா' ஆகும். அது புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 114 முறை வருகின்றது. நற்செய்தி நூல்களிலோ இரண்டு வசனங்களில் மட்டுமே வரும் (மத். 16:18, 18:17).

'எக்லேசியா' கோயிற்சொல் அன்று, அது நகரச்சொல். ஆதென்ஸ் முதலிய கிரேக்க நகரங்களில் குடியுரிமை பெற்றோர் கூடிச் சட்டமியற்றிய மன்றத்துக்கு அதுவே பெயர். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'காஹால்' என்னும் எபிரெயச் சொல்லுக்கு, அதாவது இஸ்ரவேல் மக்கள் கூடிநின்ற கூட்டத்துக்கு, இச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்தினர். ஆகவே முதல் கிறிஸ்தவர்கள் தங்களை 'எக்லேசியா' என்று அழைத்தபோது, நகரத்தார் காதில் ஒரு பொருளும், வேதத்தில் பழகினோர் காதில் மற்றொரு பொருளும் ஒலித்திருத்தல் வேண்டும். பவுலின் நிருபங்களில் ஒருவருடைய வீட்டில் கூடும் 'எக்லேசியா' பலமுறை வாழ்த்துப் பெறுகின்றது (ரோமர் 16:5, 1 கொரி. 16:19, கொலோ. 4:15, பிலேமோன் 2). கட்டடத்தையே முதலில் எண்ணிப் பழகிய ஆங்கிலச் சிறுவனுக்கு, ஒரு வீட்டுக்குள் 'சர்ச்' இருந்தது என்பது பெட்டிக்குள் பெரிய பெட்டி இருந்ததுபோல் தோன்றும்.

இங்கு நம் பிரசங்கிமாருக்கு ஒரு வார்த்தை. 'எக்' என்றால் வெளியே, 'கலேயோ' என்றால் அழைக்கிறேன். ஆகையால் 'எக்லேசியா' என்பது உலகத்திலிருந்து வெளியே அழைக்கப்பட்டோர் என்னும் விளக்கம் நம் பிரசங்க பீடங்களில் ஓயாமல் கேட்கப்படுகின்றது. சொல்லின் உறுப்புகள் அவைதாம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பவுலின் காலத்தில் அச்சொல்லைக் கேட்டவர் எவரும் அவ்வுறுப்புகளைப் பிரித்துப் பொருள் கண்டிருக்கமாட்டார். நாம் 'அலுவலகம்' என்னும்போது 'அகம்' என்பதைத் தனியே எண்ணுகிறோமா? எபேசு பட்டணத்து அரங்கில் இரண்டுமணி நேரம் கூச்சலிட்ட கூட்டத்தையும் லூக்கா 'எக்லேசியா' என்றே குறிக்கிறார் (அப். 19:32, 41). ஏன் கூடினோம் என்றே பெரும்பாலார்க்குத் தெரியாத அக்கூட்டத்தை எவர் வெளியே அழைத்தார்? சொல்லின் வேரையே அதன் பொருளாகக் கொள்ளும் இப்போக்கை ஜேம்ஸ் பார் 1961-இல் வெளியிட்ட வேதாகம மொழியின் சொற்பொருளியல் பற்றிய நூல் கடுமையாகத் திறனாய்ந்தது. கடவுள் தம் மக்களை அழைக்கிறார் என்னும் உபதேசம் வேதத்தில் வேறு பல இடங்களில் தெளிவாக உள்ளது. அதற்கு இந்த இலக்கணத் துணை வேண்டுவதில்லை.

ஒரு சொல்லுக்காக ஒரு போராட்டம்

வில்லியம் டிண்டேல் 1526-இல் கிரேக்க மூலத்திலிருந்து ஆங்கிலப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டபோது, 'எக்லேசியா' வருமிடங்களில் 'சர்ச்' என்று எழுதாது 'காங்கிரிகேஷன்' என்று எழுதினார். கூடிவந்த மக்கள் என்பதே அதன் பொருள். அக்கால ஆங்கிலத்தில் 'சர்ச்' என்றதும் மக்கள் மனத்தில் எழுந்தவை கட்டடமும் குருமாருமே. ஆகவே அச்சொல்லை இட்டால், வாசிக்கும் பாமரன் தன்னையும் அதில் ஒருவனாக எண்ணமாட்டான் என்பது டிண்டேலின் கருத்து.

தாமஸ் மோர் இதனைப் பொறுக்கவில்லை. 1529-இல் அவர் வெளியிட்ட நூலில் இச்சொல்மாற்றத்தைக் கடிந்துகொண்டார். கூட்டம் எனில் துருக்கரின் கூட்டமும் கூட்டமே. நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவ மக்களுக்கென்றே வழங்கிவந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு எவருக்கும் பொருந்தும் சொல்லை இடுவது தீய நோக்கமுடையது என்பது அவர் வாதத்தின் சாரம். 1531-இல் டிண்டேல் மறுமொழி எழுதினார். எபேசுவின் புறமதத்தார் கூட்டத்துக்கும் மூலம் அதே சொல்லைத்தானே வழங்குகிறது என்று காட்டியதோடு, மோரின் அருமை நண்பராகிய எராஸ்மஸ் தமது லத்தீன் மொழிபெயர்ப்பில் அவ்வாறே மாற்றியிருக்க, அவரோடு மோர் ஏன் வழக்காடவில்லை என்றும் வினவினார். மோரின் மறுப்பு 1532-லும் 1533-லும் பெருநூலாக வெளிவந்தது.

இவ்வழக்கில் டிண்டேலின் பக்கமே மொழியியல் நியாயம் மிகுதி என்று நாம் கருதுகிறோம். ஆயினும் மோரை அறிவிலி என்று தள்ளிவிட இயலாது. ஒரு சமூகம் ஆயிரமாண்டுகளாகத் தன் ஜெபத்தினாலும் கண்ணீரினாலும் நிரப்பிய ஒரு சொல், அகராதிப்பொருளால் மட்டும் அளக்கத்தக்கதன்று. மேலும், அச்சொல்லின் பொருட்டு விலை கொடுத்தவர் டிண்டேல் மட்டுமல்லர். இங்கிலாந்தின் 'சர்ச்சுக்கு' மன்னனே தலைவன் என்று 1534-இல் சட்டம் இயற்றப்பட்டது. அத்தலைமையை ஏற்காத மோர் 1535-இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டில், பிரஸ்ஸல்ஸ் நகருக்கு அருகிலுள்ள வில்வோர்டில், டிண்டேல் கழுத்து நெரிக்கப்பட்டுப் பின் எரிக்கப்பட்டார்.

1604-இல் புதிய மொழிபெயர்ப்புக்கென வகுக்கப்பட்ட பதினைந்து விதிகளுள் மூன்றாவது, பழைய திருச்சபைச் சொற்களைக் காத்துக்கொள்ளவேண்டும் என்றும், குறிப்பாக 'சர்ச்' என்பதைக் 'காங்கிரிகேஷன்' என்று மாற்றலாகாது என்றும் கட்டளையிட்டது. 1611-இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பு அதற்குக் கீழ்ப்படிந்தது. இதனை வைத்து, ஆயர்கள் 'சர்ச்' என்றனர், பியூரிட்டன்கள் 'காங்கிரிகேஷன்' என்றனர் என்று சிலர் எளிதாக எழுதிவிடுகின்றனர். உண்மை அவ்வளவு நேரானதன்று. பியூரிட்டன்கள் போற்றிய 1560-ஆம் ஆண்டின் ஜெனீவா வேதாகமமே 'சர்ச்' என்று பெயர்த்தது. ஆயர்கள் கூடி 1568-இல் வெளியிட்ட வேதாகமமோ மத்தேயு 16:18-இல் 'காங்கிரிகேஷன்' என்றே வைத்தது. ஆங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது பிரமாணங்களில் பத்தொன்பதாவதும், காணப்படும் 'சர்ச்' என்பது விசுவாசிகளின் 'காங்கிரிகேஷன்' என்றே வரையறுக்கின்றது. மோர் வெறுத்த சொல்லே மோர் காத்த சொல்லுக்கு விளக்கமாகிவிட்டது.

விதி எவ்வளவு கடுமையாயினும் மூலம் எங்காவது எட்டிப்பார்க்கத்தான் செய்யும். அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தில் ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பாளர் எபேசுவின் 'எக்லேசியாவை' மூன்று வசனங்களிலும் 'அசெம்பிளி' என்று பெயர்த்தனர். புறமதத்தார் கூட்டத்தைச் 'சர்ச்' என்றழைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே அதிகாரம் 37-ஆம் வசனத்தில், தியானாளின் கோயிலைக் கொள்ளையிடுவோரைக் குறிக்குமிடத்து, 'சர்ச்சுகளைக்' கொள்ளையிடுவோர் என்று எழுதினர். டிண்டேலிடமிருந்தே அந்தச் சொற்றொடர் வந்தது. கட்டடத்தைக் குறிக்கவேண்டிய இடத்தில் அவர் அச்சொல்லைத் தயங்காமல் கையாண்டிருந்தார்! 1881-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது 'கோயில்' எனப் பொருள்படும் சொல்லாக மாற்றப்பட்டது. நம் தமிழ் வேதாகமம் அவ்விடத்தில் 'கோவில்' என்றே சொல்வதால் இக்குழப்பம் நமக்கு நேரவில்லை.

ஜெர்மனியிலும் இதே இடர்ப்பாடு இருந்தது. லூத்தர் தமது புதிய ஏற்பாட்டில் 'கிர்ஹெ' என்னும் சொல்லை விலக்கி, சமூகம் எனப் பொருள்படும் 'கெமைனே' என்னும் சொல்லை ஆண்டார். 1529-ஆம் ஆண்டின் பெரிய ஞானோபதேசத்தில், 'கிர்ஹெ' என்பது ஜெர்மன் சொல்லே அன்று என்றும், கூட்டம் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை என்றும் விளக்குகிறார். அதனை லத்தீன் 'கூரியா' என்பதோடு அவர் இணைத்தது இன்று ஏற்கத்தக்கதன்று. பல தொகுதிகளில் 'திருச்சபை இறைக்கோட்பாட்டியல்' எழுதிய கார்ல் பார்த்தும், 1962-இல் வெளியான தமது இறையியல் அறிமுக நூலில், 'கிர்ஹெ' என்பது இருண்ட, சுமை மிகுந்த சொல்லாகிவிட்டது, இயன்றவரை அதனைத் தவிர்ப்பது நன்று என்று கருத்துரைத்தார். ஜார்ஜ் ஃபாக்ஸ் என்னும் குவேக்கர் தலைவரோ கட்டடத்தைக் 'கோபுரவீடு' என்றே அழைத்து, அச்சொல்லைக் கட்டடத்துக்கு ஈய மறுத்துவிட்டார்.

தமிழில்

ஆங்கிலம் ஒரு சொல்லில் அடைத்து வைத்ததை நாம் பல சொற்களில் பகிர்ந்து வைத்துள்ளோம். கட்டடத்துக்குக் கோயில், ஆலயம், தேவாலயம். தென் மாவட்டங்களில் வேதக்கோயில். கத்தோலிக்கர் கட்டடத்துக்கு மாதா கோயில். மக்களுக்குச் சபை, எங்குமுள்ள சபை முழுவதுக்கும், 1919-இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை போன்ற அமைப்புகளுக்கும் திருச்சபை. ஆங்கிலேயர் பெரிய எழுத்தினால் காட்டும் வேறுபாட்டை நாம் 'திரு' என்னும் அடையினால் காட்டுகிறோம். பெரிய எழுத்து காதுக்குக் கேளாது, 'திரு' கேட்கும். கத்தோலிக்கர் வழக்கில் 'சபை' என்பது 'இயேசு சபை' போன்ற துறவற அமைப்பையும் குறிப்பதால், அவர்களுடைய நூல்களை வாசிக்கும்போது விழிப்பு வேண்டும்.

'சபை' என்னும் சொல்லைத் தெரிந்துகொண்ட முன்னோரின் நுண்ணறிவை வியக்காமல் இருக்க முடியவில்லை. வடமொழியிலிருந்து வந்த இச்சொல்லும் 'எக்லேசியாவைப்' போலவே பொதுவாழ்வில் பிறந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தை விரிவாகக் கூறுகின்றன. கூடி, கேட்டு, தீர்மானிக்கும் மக்கள் என்னும் பொருள் அச்சொல்லில் ஊறிக்கிடக்கின்றது. அந்தச் சபையில் எல்லா ஊராரும் இடம்பெறவில்லை. அது பிராமணர் ஊரின் சபை, அதிலும் நிலமும் கல்வியும் உடையோரே வாரியங்களுக்குரியர். ஆதென்ஸின் மன்றத்திலும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமிருந்ததில்லை. இவ்விரு சொற்களையும் கிறிஸ்தவர்கள் எடுத்து, அடிமையாகிய ஒநேசிமுவையும் உள்ளே அமர்த்திய ஒரு கூட்டத்துக்குச் சூட்டினர் என்பது குறிக்கத்தக்கது.

'ஆலயம்' என்னும் சொல்லில் சிக்கல் வேறு வகையானது. எருசலேம் தேவாலயத்துக்கும், விசுவாசிகளே தேவனுடைய ஆலயம் என்னும் பவுலின் உபதேசத்துக்கும் (1 கொரி. 3:16), நம் தெருமுனையிலுள்ள கட்டடத்துக்கும் தமிழில் ஒரே சொல் வழங்குகின்றது. ஆங்கிலத்தில் முதலிரண்டும் 'டெம்பிள்', மூன்றாவது 'சர்ச்'. ஆகவே ஆங்கிலேயன் கட்டடத்தையும் மக்களையும் குழப்பிக்கொள்கிறான். நாம் கட்டடத்தையும் எருசலேமையும் குழப்பிக்கொள்கிறோம். ஆலயப் பிரதிஷ்டை நாட்களில் சாலொமோனின் ஜெபம் வாசிக்கப்பட்டு, அன்று அங்கிருந்த மகா பரிசுத்த ஸ்தலம் இன்று நம் திருமேசையைச் சூழ்ந்த இடமே என்பதுபோல் பிரசங்கிக்கப்படுவது இச்சொல் ஒற்றுமையின் விளைவு. கிழிந்த திரையை நாமே தைத்துத் தொங்கவிடுகிறோமோ என்று ஐயுறுகிறோம்.

இறுதியாக, சொல்லின் பொருள் நம் நிர்வாகத்தையே தொடும் ஓரிடம் உண்டு. குற்றம் செய்த சகோதரன் தனிமையிலும் சாட்சிகள் முன்னும் செவிகொடாவிட்டால், அதனை 'எக்லேசியாவுக்கு' அறிவிக்கவேண்டும் என்பது ஆண்டவரின் கட்டளை (மத். 18:17). அறிவிக்கப்படவேண்டியவர் யார்? 'சர்ச்' என்றால் குருமார் என்று கொண்டோர், ஆயருக்கு அறிவிப்பதே போதும் என்றனர். கூடிவந்த மக்கள் என்று கொண்டோர், சபையார் அனைவரும் கேட்கவேண்டும் என்றனர். ஒழுங்கு நடவடிக்கைகளில் இவ்விரு வழக்கங்களும் இன்றும் உள்ளன. நம் அலுவலகங்களிலிருந்து ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளில் 'சர்ச்' தீர்மானித்துள்ளது என்று எழுதப்படுகின்றது. அது 'திருச்சபை தீர்மானித்துள்ளது' என்று தமிழாகி, ஞாயிறன்று வாசிக்கப்படுகின்றது. பந்தியில் அமர்ந்து கேட்கும் சபையாருக்கு, தாங்கள் எப்பொழுது தீர்மானித்தோம் என்பது விளங்குவதில்லை. தீர்மானித்தது திருமண்டலச் செயற்குழுவானால் திருமண்டலச் செயற்குழு என்றும், சேகரக் குழுவானால் சேகரக் குழு என்றும், ஆயர் ஒருவரே ஆனால் ஆயர் என்றும் மொழிபெயர்ப்பதற்குத் தமிழில் தடையேதுமில்லை.